வேல்ஸுக்கு எது பொருந்தும்: செனெத்தா, லண்டனா, கூட்டாட்சியா, தனிநாடா?

வேலைக்கோ படிப்புக்கோ, ஐக்கிய ராஜ்ஜியத்தின் நான்கு நாடுகளில் ஒன்றான வேல்ஸுக்கு வந்து, அங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்துவிட்ட நம்மவர்கள் பலர் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கார்டிஃபில் இருக்கும் செனெத் என்ற நாடாளுமன்றம் தேவையா? அதை மூடிவிட்டு லண்டனிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தனிநாடு ஆனால்தான் விடிவு என்கிறார் கூட வேலை செய்பவர். கூட்டாட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொருவர். காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமையோடு அங்கே சட்டப்படி வசிப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆகவே "எனக்கென்ன" என்று ஒதுங்கிவிட முடியாது.

ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்கலாம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

## இப்போது இருப்பது என்ன?

1979 மார்ச் 1 அன்று நடந்த முதல் வாக்கெடுப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தனி சட்டமன்றம் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டபோது 50.3 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டு. 1999ல் சட்டமன்றம் கூடியது. அதுதான் இன்றைய செனெத். 2011ல் முழுச் சட்டமியற்றும் அதிகாரம் வேண்டுமா என்று கேட்டபோது ஆதரவு 63.5 சதவீதம். 2019 முதல் வருமான வரியின் ஒரு பகுதியும் கார்டிஃபின் கைக்கு வந்தது.

இன்று மருத்துவம், கல்வி, உள்ளாட்சி, சுற்றுச்சூழல், வெல்ஷ் மொழி எல்லாம் கார்டிஃபிடம். காவல்துறை, நீதிமன்றங்கள், பெரும்பாலான ரயில் பாதைகள், ஒளிபரப்பு, சமூகநல உதவித்தொகை எல்லாம் லண்டனிடம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் காவல்துறையைக் கொடுத்தவர்கள் வேல்ஸுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

பெயர்களை மறந்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது, பணம். எவ்வளவு வரும் என்பதோடு, அந்தத் தொகையைத் தீர்மானிப்பது யார் என்பதும் முக்கியம். இரண்டாவது, பாதுகாப்பு. இன்று கொடுத்ததை நாளை ஒருதலையாகப் பறிக்க முடியுமா? மூன்றாவது, எல்லையைக் கடக்கும் அன்றாட வாழ்க்கை. ஆஸ்பத்திரி, வேலை, ரயில் எல்லாம் இங்கிலாந்தோடு பின்னிக் கிடக்கின்றன. நான்காவது, அங்கே போய்ச் சேரும் வழி. யாருடைய சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் கிடைக்குமா?

நான்கில் இரண்டாவதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பாதுகாப்பு இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் அடுத்த தேர்தல் வரைதான்.

## வழி 1: செனெத்தை மூடிவிட்டு லண்டனுக்கே திரும்புவது

இதைக் கேட்பவர்களை ஏளனமாகப் பார்ப்பது தவறு. அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் 2022 பீசா தேர்வில் ஐக்கிய ராஜ்ஜியத்தின் நான்கு நாடுகளில் வேல்ஸ் மாணவர்கள்தான் கடைசி. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல்கள் நீண்டு கிடக்கின்றன. 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளில் வேகவரம்பு 20 மைலாகக் குறைந்தபோது, எதிர்ப்பு மனுவில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். முப்பத்தொரு லட்சம் மக்கள்தொகையில் அது சாதாரண எண்ணிக்கை இல்லை.

ஆனால் திரும்பிப் போகச் சொல்லும் அந்தப் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது? 1965ல் வேல்ஸுக்கென்று ஓர் அமைச்சகம் வந்தது. 1987 முதல் 1997 வரை அதற்குத் தலைமை தாங்கிய நான்கு அமைச்சர்களும் இங்கிலாந்துத் தொகுதிகளின் எம்.பி.க்கள். 1992 தேர்தலில் வேல்ஸின் 38 இடங்களில் ஆளும் கன்சர்வேடிவ் கட்சி வென்றது ஆறே ஆறு. வேல்ஸ் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டது, ஆட்சி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1979ல் வேண்டாம் என்றவர்கள் 1997ல் மனம் மாறியதற்கு இந்தப் பதினெட்டு வருடங்கள்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று டிரைவெரின் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957ல் லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் சட்டம் போட்டார்கள். நாடாளுமன்றம் வழியாகவே போனதால் உள்ளூர்த் திட்ட அதிகாரிகளின் அனுமதி தேவைப்படவில்லை. வேல்ஸ் எம்.பி.க்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. 1965ல் கேப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமம், பள்ளி, தபால் நிலையம், தேவாலயம், கல்லறைத் தோட்டத்தோடு தண்ணீருக்குள் போனது. நாற்பது வருடம் கழித்து, 2005ல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. சொந்தமாகத் தடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மறைமுகச் செலவும் இருக்கிறது. செனெத்தை மூடினால் பெரிய தொகை மிச்சமாகும் என்பது தவறான கணக்கு. வேல்ஸ் அரசின் பட்ஜெட் 2025–26ல் சுமார் 2,600 கோடி பவுண்டு. அதில் பாதிக்கு அருகில் மருத்துவத்துக்கே போகிறது. செனெத் மூடினாலும் ஆஸ்பத்திரிகளை நடத்தித்தான் ஆக வேண்டும். 2007 முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. 2015 டிசம்பர் முதல், மறுப்புத் தெரிவிக்காதவர் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவராகக் கொள்ளப்படுகிறார். இப்படி இருபத்தைந்து வருடத்தில் பிரிந்து வளர்ந்த சட்டங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இங்கிலாந்தோடு இணைக்க வேண்டும்.

வழியும் எளிதல்ல. வேல்ஸ் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால்தான் செனெத்தை ஒழிக்க முடியும் என்று 2017 வேல்ஸ் சட்டம் சொல்கிறது. இதே கோரிக்கைக்காகத் தொடங்கிய கட்சி 2021 தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை.

இது யாருக்குப் பொருந்தும்? வேல்ஸைத் தனி அடையாளம் உள்ள நாடாக அல்லாமல் பிரிட்டனின் ஒரு பகுதியாக மட்டும் பார்ப்பவருக்கு, சேவைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதே நியாயம் என்று நம்புபவருக்குப் பொருந்தும். நான் அவர்களில் ஒருவன் அல்ல.

## வழி 2: இருப்பதையே பலப்படுத்துவது

வேல்ஸ் அரசு அமைத்த சுயேச்சை ஆணையம், ரோவன் வில்லியம்ஸ், லாரா மெக்அலிஸ்டர் இருவரின் தலைமையில், 2024 ஜனவரியில் இறுதி அறிக்கை தந்தது. பலப்படுத்திய அதிகாரப் பகிர்வு, கூட்டாட்சி, தனிநாடு மூன்றும் நடைமுறைக்குச் சாத்தியம் என்றது. இப்போதைய ஏற்பாட்டை அப்படியே விட்டால் நிலைக்காது என்றும் சொன்னது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு ரயில் பாதையைப் பார்த்தால் போதும்.

லண்டனில் இருந்து வடக்கே போகும் ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையில் ஒரு மைல்கூட வேல்ஸுக்குள் இல்லை. இங்கிலாந்தில் மட்டும் செலவாகும் பணத்துக்கு, பார்னெட் சூத்திரப்படி மற்ற மூன்று நாடுகளுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு வர வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வந்தது. வேல்ஸுக்கு வரவில்லை. ரயில் பாதைகள் வேல்ஸுக்கு ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே இது "இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்" திட்டம் என்று லண்டன் நிதித்துறை வகைப்படுத்திவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டரின் சொந்த வேல்ஸ் விவகாரக் குழுவே 2021ல் இதை மாற்றச் சொன்னது. மாற்றவில்லை. 2025 ஜூனில் வேல்ஸ் ரயில்களுக்கு 44.5 கோடி பவுண்டு அறிவித்தார்கள். பணம் வந்தது நல்லதுதான். ஆனால் அது உரிமையாக வரவில்லை, ஒரு நிதியமைச்சரின் முடிவாக வந்தது. வகைப்படுத்தும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

நல்ல பக்கமும் உண்டு. 2016 டிசம்பரில் இரு அரசுகளும் செய்த நிதி ஒப்பந்தத்தின்படி, ஒப்படைத்த துறைகளில் இங்கிலாந்தில் ஆளுக்கு 100 பவுண்டு செலவானால், வேல்ஸுக்கு 115 பவுண்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேல்ஸில் முதியோரும் வறுமையும் அதிகம் என்பதை இது ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தரைமட்டம் வேல்ஸுக்குப் பெரிய லாபம். ஆனால் அது ஒப்பந்தம். சட்டமாக எழுதப்படவில்லை.

சட்டமாக எழுதினாலும் போதுமா? செனெத் சம்மதம் இல்லாமல் அதன் துறைகளில் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கமாகச் சட்டம் போடாது என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது. அதே வாசகம் ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் உண்டு. அது அரசியல் வழக்கம், அதை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020ல் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்கு செனெத் சம்மதம் மறுத்தது. சட்டம் நிறைவேறியது. அதன்படி, இங்கிலாந்தில் சட்டப்படி விற்கும் பொருளைப் பொதுவாக வேல்ஸிலும் விற்கலாம், வேல்ஸ் தன் தரத்தை உயர்த்தியிருந்தாலும்.

ஆகவே பலப்படுத்துவது என்றால் செனெத் உறுப்பினர் எண்ணிக்கையை 60இல் இருந்து 96 ஆக்குவது மட்டும் போதாது. ரயில், காவல், நீதி, கடற்படுகை வருமானம் ஆகியவை மாற வேண்டும். நிதிப் பங்கீட்டில் சண்டை வந்தால் நிதித்துறையே நீதிபதியாக இருக்கும் நிலை போக வேண்டும். கடற்படுகையை உள்ளடக்கிய அரச சொத்தின் (கிரவுன் எஸ்டேட்) நிர்வாகம் ஸ்காட்லாந்தில் 2017லேயே கைமாறியது. வேல்ஸில் இன்னும் இல்லை.

இந்த வழியின் பலம், நாளைக்கே தொடங்கலாம் என்பது. பலவீனம், லண்டன் மனம் வைத்தால்தான் நடக்கும், மனம் மாறினால் நின்றுவிடும் என்பது.

## வழி 3: கூட்டாட்சி

காகிதத்தில் பார்த்தால் இதுதான் அழகானது. எழுதப்பட்ட அரசியலமைப்பு, யாருக்கு எந்த அதிகாரம் என்ற தெளிவு, பறித்தால் தட்டிக்கேட்க நீதிமன்றம், பிரபுக்கள் சபைக்குப் பதில் நாடுகளின் மேலவை. என் இரண்டாவது கேள்விக்கு, ஒன்றியத்தை விட்டு வெளியேறாமலேயே, முழுப் பதில் தரும் வழி இது ஒன்றே.

சிக்கல் இங்கிலாந்து. ஐக்கிய ராஜ்ஜியத்தின் மக்களில் சுமார் 84 சதவீதம் அங்கேதான். வேல்ஸ் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. பெர்லினில் இருந்து ஆண்ட பழைய ஜெர்மன் பேரரசில் பிரஷ்யாவின் பங்கு ஏறக்குறைய அறுபது சதவீதம்தான், அதற்கே அந்தக் கூட்டாட்சி பிரஷ்யாவின் நிழலில் நடந்தது. இங்கிலாந்தை ஒரே உறுப்பாக வைத்தால் இங்கிலாந்தின் முதலமைச்சர் ஒன்றியத்தின் பிரதமரைவிடப் பெரிய ஆளாகிவிடுவார். சரி, பிராந்தியங்களாகப் பிரிக்கலாமே? 2004ல் வடகிழக்கு இங்கிலாந்து மக்களிடம் கேட்டார்கள். 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மான்செஸ்டர் போன்ற நகரங்களில் இப்போது வலுவான மேயர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. பிரிட்டனின் அரசியலமைப்பை ஆராய்ந்து 1973ல் அறிக்கை தந்த கில்பிராண்டன் ஆணையமே கூட்டாட்சியை நிராகரித்தது.

வேல்ஸ் மட்டும் விரும்பி நடக்கும் காரியம் இல்லை இது. ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்ட இங்கிலாந்து மக்கள் தாங்கள் கேட்காத ஒன்றுக்காகத் தங்கள் ஆட்சிமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டாட்சியைக் கேட்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் கார்டிஃபில் பேசும் நேரத்தில் பாதியை நியூகாசிலிலும் லீட்ஸிலும் பேசச் செலவிட்டால் நன்றாக இருக்கும்.

இன்னொரு மறைமுகச் செலவு: கூட்டாட்சி வந்தால் நிதிச் சமன்பாடு தானாக வந்துவிடாது. பணக்காரப் பகுதிகள் ஏழைப் பகுதிகளுக்குப் பகிர வேண்டும் என்பதை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும். ஜெர்மனியில் எழுதியிருக்கிறார்கள், அப்படியும் மாநிலங்கள் அதன் மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

## வழி 4: தளர்வான கூட்டமைப்பு

இறையாண்மை வேல்ஸுக்கு, பாதுகாப்பும் நாணயமும் மட்டும் பொதுவில் என்ற யோசனை. இதில் அதிக நேரம் செலவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் அளவில் ஏற்றத்தாழ்வான இருவர் இப்படி நீண்ட நாள் சேர்ந்திருந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

2003ல் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் இப்படி ஓர் அரசு ஒன்றியம் அமைத்தன. ஒரு பக்கம் யூரோ, இன்னொரு பக்கம் தினார். மூன்று வருடம் கழித்து வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2006 மே மாதம் நடத்தினார்கள். தேவைப்பட்டது 55 சதவீதம், கிடைத்தது 55.5. ஒன்றியம் முடிந்தது. நியூசிலாந்தோடு குக் தீவுகள் 1965 முதல் வைத்திருக்கும் தளர்வான உறவு நன்றாக நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே இருபதாயிரம் பேர்கூட இல்லை, பெரிய நாட்டுக்கு அவர்கள் சுமையே இல்லை.

தனிநாட்டை நோக்கிப் போகிறவர்களுக்கு இடைவழியில் ஒரு தங்குமிடமாக இது உதவலாம். நிரந்தர வீடாக இதை நம்பி ஓட்டுப் போடச் சொல்ல மாட்டேன்.

## வழி 5: தனிநாடு

பாதுகாப்பு என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் இதுதான். ஹெச்.எஸ்.2 போன்ற முடிவை இன்னொருவர் எடுக்க முடியாது. கடற்படுகை, நீர், காவல் எல்லாம் சொந்தம். 2016 ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் 52.5 சதவீதத்தோடு வெளியேறச் சொன்ன வேல்ஸ், திரும்பச் சேர்வதா வேண்டாமா என்பதையும் தானே முடிவு செய்யலாம்.

பணத்தில்தான் இடிக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், 2010களின் இறுதியில் வேல்ஸுக்காகச் செலவாகும் பொதுப்பணத்துக்கும் அங்கே வசூலாகும் வரிக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு 1,300 கோடி பவுண்டுக்கு மேல். அதில் பாதுகாப்புச் செலவு, பிரிட்டன் கடனுக்கான வட்டி போன்றவையும் அடக்கம். தனிநாடு ஆனால் அவை பேச்சுவார்த்தையில் மாறும், ஆகவே அந்த எண்ணை அப்படியே எதிர்காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதே சமயம், பேச்சுவார்த்தையால் மட்டும் அது மறைந்துவிடாது. முதல் பத்து வருடம் வரி கூடும், அல்லது சேவை குறையும், அல்லது கடன் ஏறும். தனிநாடு கேட்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொன்னால் அவர்கள் மீது நம்பிக்கை கூடும்.

நாணயம் அடுத்த கேள்வி. 1993 ஜனவரி 1 அன்று செக், ஸ்லோவாக் குடியரசுகள் சமாதானமாகப் பிரிந்தன. நாணயத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ள நினைத்தார்கள், பிப்ரவரி 8க்குள் அதுவும் பிரிந்துவிட்டது. அயர்லாந்தோ 1922ல் பிரிந்த பிறகும் தன் பவுண்டை 1979 வரை ஸ்டெர்லிங்கோடு சம மதிப்பில் வைத்திருந்தது. இரண்டும் நடக்கக்கூடியவைதான். எது நடக்கும் என்பது சந்தையின் நம்பிக்கையைப் பொறுத்தது.

அப்புறம் எல்லை. போவிஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவில் வேல்ஸின் கால்பங்கு, ஆனால் அங்கே ஒரு பெரிய பொது மருத்துவமனைகூட இல்லை. நியூடவுனில் ஒருவருக்கு மூச்சுத்திணறினால் ஆம்புலன்ஸ் போவது பெரும்பாலும் இங்கிலாந்திலிருக்கும் ஷ்ரூஸ்பரிக்கு. தெற்கே இருப்பவர்களில் சிலர் ஹெரிஃபோர்டுக்குப் போகிறார்கள். வடக்கு வேல்ஸிலிருந்து கார்டிஃபுக்கு வரும் ரயில்கூட ஷ்ரூஸ்பரி வழியாகத்தான் வருகிறது. அயர்லாந்தோடு இருப்பது போன்ற பொதுப் பயண ஏற்பாடு இருந்தால் ஆட்கள் கடக்கலாம். சரக்கு வேறு விஷயம். வேல்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து இங்கிலாந்து வெளியே இருந்தால், 250 கிலோமீட்டருக்கு நீளும் அந்த எல்லையில் சுங்கம் வரும்.

போகும் வழியும் கேட்கிறபடி திறக்காது. வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனிநாட்டு வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேல்ஸ் நிலையும் அதுவே.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் | பறிபோகாத பாதுகாப்பு | எல்லை வாழ்க்கை | யார் சம்மதம் |
|---|---|---|---|---|
| லண்டனுக்குத் திரும்புதல் | லண்டன் முடிவு | இல்லை | எளிது | வேல்ஸ் வாக்கெடுப்பு, வெஸ்ட்மின்ஸ்டர் |
| பலப்படுத்துதல் | 115 தரைமட்டம், ஆனால் ஒப்பந்தம் | பலவீனம் | மாற்றம் இல்லை | வெஸ்ட்மின்ஸ்டர் |
| கூட்டாட்சி | எழுதிக்கொள்வதைப் பொறுத்தது | வலுவானது | பெரிய மாற்றம் இல்லை | இங்கிலாந்து உட்பட எல்லோரும் |
| தளர்வான கூட்டமைப்பு | பெரும்பாலும் சொந்தக் காலில் | கூட்டாளி இருக்கும்வரை | பேச்சுவார்த்தையைப் பொறுத்தது | இரு தரப்பும் |
| தனிநாடு | சொந்தம், பெரிய இடைவெளியோடு | முழுமை | மிகக் கடினம் | வேல்ஸ் மக்கள், வெஸ்ட்மின்ஸ்டர் |

## என் சாய்வு

இன்றைக்கு நான் இரண்டாவது வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆனால் நிபந்தனையோடு. ரயிலும் நீதியும் கடற்படுகையும் வர வேண்டும், 115 தரைமட்டம் சட்டமாக வேண்டும், நிதித் தகராறுக்கு நடுநிலையான நடுவர் வேண்டும். இவை எல்லாம் கடைசியில் எந்த வழிக்குப் போனாலும் தேவைப்படும் அஸ்திவாரம்தான். சொந்த நீதித்துறை இல்லாத நாடு கூட்டாட்சிக்கும் தயாரில்லை, தனிநாட்டுக்கும் தயாரில்லை. வேல்ஸில் நீதித்துறையை ஒப்படைக்கச் சொல்லி 2019லேயே ஓர் ஆணையம் பரிந்துரைத்தது.

இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டும் லண்டன் மறுத்துக்கொண்டே போனால் என் கணக்கு மாறும். அப்போது கேள்வி "தனிநாட்டுக்கு எவ்வளவு செலவாகும்" என்பதிலிருந்து "இப்படியே இருப்பதற்கு எவ்வளவு செலவாகிறது" என்று திரும்பிவிடும்.

வேல்ஸில் எல்லையோரம் இருப்பவர்கள், இங்கிலாந்தில் வேலை செய்பவர்கள் மூன்றாவது கேள்விக்கு அதிக எடை கொடுப்பது நியாயம். பிள்ளைகள் வெல்ஷ் வழியில் படிக்கும் குடும்பங்கள் இரண்டாவதற்கு அதிக எடை கொடுக்கலாம். 2021 கணக்கெடுப்பில் அந்த மொழியைப் பேசுவோர் 17.8 சதவீதமே, அதைக் காப்பாற்றும் சட்டங்கள் கார்டிஃபிலிருந்துதான் வருகின்றன.

வேட்பாளர் வாசலுக்கு வந்தால் "அதிகாரம் வேண்டுமா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ரயில் பணத்தை வகைப்படுத்துவது யார், தரைமட்டத்தைச் சட்டமாக்க என்ன செய்வீர்கள், போவிஸ் நோயாளிக்கு ஷ்ரூஸ்பரியில் கட்டில் கிடைக்க எந்த அரசோடு ஒப்பந்தம் போடுவீர்கள் என்று கேளுங்கள். செனெத் தேர்தலில் 16 வயது முதல் ஓட்டு உண்டு, பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. வாக்கெடுப்பு வந்தால் மட்டும் யாருக்கு ஓட்டு என்பதை அதற்கான சட்டமே முடிவு செய்யும். ஸ்காட்லாந்தின் 2014 வாக்கெடுப்பில் அங்கே வசித்த காமன்வெல்த், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் இருவருக்கும் ஓட்டு இருந்தது. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலோ காமன்வெல்த் நாட்டவருக்கு இருந்தது, பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இல்லை. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.